விரல் போகும் வேகம்

குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கும் குழந்தையை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் மருத்துவமனைகளில் வெகுகாலம் நம்பினார்கள். 1986-இல் அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் அவருடைய குழுவினரும் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். இன்குபேட்டரின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கையை விட்டு, குழந்தையின் தலை, தோள், முதுகு, கால், கை என்று நிதானமாக நீவிவிட்டார்கள். நடுவில் கைகால்களை மெல்ல மடக்கி நீட்டினார்கள். ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, மொத்தம் 10 நாள்.

நீவிவிட்ட 20 குழந்தைகளுக்கு, அப்படி நீவிவிடாத மற்ற 20 பேரைவிட அன்றாட எடையேற்றம் 47 சதவீதம் அதிகமாக இருந்தது. வீட்டுக்கும் ஆறு நாள் முன்னதாகவே போனார்கள். இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாகப் பால் குடிக்கவில்லை.

அப்படியானால் அந்த எடை எங்கிருந்து வந்தது? என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துவந்த கேள்வி இதுதான்.

முதல் துப்பு எலிக்குட்டிகளிடம் கிடைத்தது. தாயிடமிருந்து பிரித்ததும் குட்டிகளின் வளர்ச்சி ஹார்மோன் சரிந்துவிடுவதை அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் சால் ஷான்பெர்க்கின் ஆய்வகம் கண்டது. ஈரமான தூரிகையை எடுத்து, தாய் நக்குவதுபோலக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஹார்மோன் பழைய நிலைக்குத் திரும்பியது. தொடுதல் நின்றால் உடம்பு வளர்ச்சியையே ஒத்திப்போடுகிறது!

மனிதக் குழந்தைகளிடம் வேகஸ் நரம்பைப் பார்த்தார்கள். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் நீளமான நரம்பு அது. தோலுக்கு அடியில் மிதமான அழுத்தம் விழும்போது இந்த நரம்பின் வேலை கூடுகிறது, இரைப்பையின் அசைவும் சுறுசுறுப்பாகிறது. குடித்த அதே பால் உடம்புக்கு நன்றாகச் சேர்கிறது என்பது ஃபீல்ட் தரும் விளக்கம். இறகு படுவதுபோல லேசாகத் தடவிய குழந்தைகளுக்கு இந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை.

சரி, அழுத்தம் மட்டும் போதுமா? வேகமும் முக்கியம். முடி வளரும் தோலில் சி-தொடு நரம்பிழைகள் என்று ஒரு வகை உண்டு. இவை மந்தமானவை, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் செய்தியைக் கடத்தும். எதைத் தொட்டோம், எங்கே தொட்டோம் என்று துல்லியமாகச் சொல்வது இவற்றின் வேலை அல்ல. தொட்டது இதமாக இருந்ததா என்பதையே மூளைக்குச் சொல்கின்றன. விரல் நொடிக்கு 1 முதல் 10 செண்டிமீட்டர் வரை நகரும்போதுதான் இவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. அதாவது, கைக்குழந்தையின் கழுத்திலிருந்து இடுப்புக்கு இறங்க நான்கைந்து விநாடி எடுத்துக்கொள்ளலாம். அவசரமாகத் தேய்த்தால் இந்த நரம்பிழைகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அழுகிற குழந்தையைத் தூக்கியதும் நம் கை எதையும் யோசிக்காமல் ஏறக்குறைய இந்த வேகத்துக்கே போய்விடுகிறது. எனக்கு இது பெரிய அதிசயமாகப் படுகிறது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தூங்கப்போகும் முன் முதுகையும் தோளையும் பிடித்துவிட்டால் பதற்றம் அடங்கும், தூக்கம் எளிதாகும். மலச்சிக்கலுக்கு வயிற்றை நீவுவதில் ஒரு திசை இருக்கிறது. குழந்தையின் வலது இடுப்புப் பக்கம் தொடங்கி விலா வரை மேலே, அங்கிருந்து குறுக்கே, பிறகு இடப்பக்கமாகக் கீழே. பெருங்குடல் போகும் வழியும் அதேதான்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் பல சிறியவை, முறையில் குறையுள்ளவை என்று பிந்தைய மதிப்பீடுகள் சொல்லியிருக்கின்றன. மசாஜ் செய்தால் அறிவு கூடும், நச்சு வெளியேறும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். மருந்து வேண்டிய நோய்க்கு மருந்துதான். காய்ச்சல், தோல் புண், எலும்பு முறிவு இருந்தால் கையை வைக்கவே வேண்டாம். பால் குடித்த உடனே வயிற்றை அழுத்தவும் கூடாது. குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரையோ செவிலியரையோ கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அப்புறம், குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீவுங்கள். விரல்கள் தளர்ந்து விரிந்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, முதுகை வளைத்து விறைத்தாலோ, அன்றைக்கு அது போதும் என்கிறது.