பாஸ்வேர்டை மாற்றும் முன் பிரவுசரில் ஒருமுறை பாருங்கள்

மொபைலில் மெயில் திறக்கவில்லை என்று எங்களிடம் வருகிறவர்களில் பலர் ஒரு காரியத்தை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றிவிடுவார்கள், சிலர் அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை. ஒரு ஆப்பில் மட்டும் இருந்த சிக்கல் அதற்குள் டேப்லெட், லேப்டாப் என்று எல்லாவற்றுக்கும் பரவியிருக்கும்.

‘பாஸ்வேர்டு தவறு’ என்று ஆப் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சர்வர் (மெயில் நிறுவனத்தின் கணினி) உள்ளே விட மறுத்தால், காரணம் எதுவானாலும் பல ஆப்கள் இந்த ஒரே வரியைத்தான் காட்டுகின்றன. அதனால் முதலில் போனில் பிரவுசரைத் திறந்து, மெயில் தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து லாகின் செய்து பாருங்கள். பழைய லாகின் எதையும் எடுத்துக்கொள்ளாத இன்காக்னிட்டோ பக்கத்தில் செய்வது நல்லது. இல்லையென்றால் பழைய லாகினிலேயே திறந்துகொண்டு உங்களைக் குழப்பும். அங்கே திறந்தால் பாஸ்வேர்டு சரி, அதைத் தொடாதீர்கள்.

அப்புறம் ஆப்பில் டைப் செய்ததைக் கவனியுங்கள். கீபோர்டு பரிந்துரைக்கும் மெயில் முகவரியைத் தட்டினால் கடைசியில் ஒரு இடைவெளியும் ஒட்டிக்கொள்வது உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சில ஆப்கள் அதையும் சேர்த்தே அனுப்பிவிடும். பாஸ்வேர்டின் முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகிவிட்டதா என்பதைக் கண் படத்தை அழுத்திப் பாருங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், பழைய போன்களிலும் பழைய மெயில் ஆப்களிலும் நாங்கள் அடிக்கடி பார்ப்பது வேறொன்று. வெறும் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 என்று தேதி வைத்தது. இப்போது நிறுவனத்தின் சொந்த லாகின் பக்கம் திறந்து, அங்கே நீங்கள் அனுமதி தர வேண்டும். அதற்குக் கணக்கை ஆப்பிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். சேர்க்கும்போது ‘மற்றவை’ அல்லது ‘ஐமேப்’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல், கூகுள் அல்லது அவுட்லுக் என்று இருப்பதைத் தட்டுங்கள்.

நீக்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஐமேப் (IMAP) என்பது சர்வரில் இருக்கும் மெயிலை அங்கேயே வைத்துக் காட்டும் முறை; அதில் மெயில்கள் சர்வரில் பத்திரமாக இருக்கும். மெயிலைப் போனுக்கு இறக்கிக்கொள்ளும் பாப் (POP) முறையில் அமைத்திருந்தால் சில மெயில்களின் ஒரே பிரதி அந்தப் போனிலேயே இருக்கலாம். அவுட்பாக்ஸில் போகாமல் கிடப்பவற்றையும் முதலில் நகலெடுத்துவிடுங்கள்.

புதிய முறை தெரியாத ஆப் என்றால், கூகுளில் இருபடிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்கும் முறை) இயக்கி, அந்த ஆப்புக்கென்றே 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கிப் பயன்படுத்தலாம். ஆனால் கூகுள் கணக்கின் முதன்மை பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் ரத்தாகிவிடும். பதற்றத்தில் செய்யும் ரீசெட் காரியத்தைக் கெடுப்பது இப்படித்தான்! அதற்கு ஆப்பையே மாற்றிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

இருபடிச் சரிபார்ப்புக்காகச் சரிபார்ப்பு ஆப் தரும் ஆறு இலக்க எண்ணை லாகின் பக்கம் ஏற்க மறுக்கிறதா? போனின் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண் பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நேரம் சில நிமிடம் பிசகினாலே சர்வர் எதிர்பார்க்கும் எண் வேறாகிவிடும். தானியங்கி நேரத்தை இயக்கினால் போதும்.

பிரவுசரிலும் திறக்கவில்லை என்றால்தான் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போக வேண்டும். வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்தே, வழக்கமான இடத்திலிருந்தே முயலுங்கள். அலுவலகக் கணக்கு என்றால் நேராக உங்கள் ஐடி பிரிவிடம் கேளுங்கள்; அவர்களே தடுத்து வைத்திருக்கலாம்.

தயவுசெய்து ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று மட்டும் தேடாதீர்கள். தேடலில் வரும் எண்களில் மோசடிக்காரர்களின் எண்களும் கலந்திருக்கும். எடுத்தவுடன் கனிவாகப் பேசுவார்கள், ஸ்கிரீன் ஷேர் ஆப் ஒன்றை நிறுவச் சொல்வார்கள், அடுத்து ஓடிபி கேட்பார்கள். ஓடிபி கேட்ட நொடியே போனை வையுங்கள். மெயில் கைமாறினால் அதில் இணைத்திருக்கும் மற்ற கணக்குகளையும் அதை வைத்தே ரீசெட் செய்துவிட முடியும்.

எல்லாம் சரியான பிறகு இரண்டு நிமிடம் ஒதுக்கி, மீட்பு மொபைல் எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சரிபார்ப்பு எண் கிடைக்காதபோது பயன்படுத்த கூகுள் தரும் 8 இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்தையும் தாளில் எழுதி வையுங்கள்; ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். புதுப் போனுக்கு மாறுகிறவர்கள், சரிபார்ப்பு ஆப்பை அதில் இயக்கிப் பார்த்த பிறகே பழைய போனில் உள்ளவற்றை அழியுங்கள்.