ஓட்டை இருந்தால்தான் உழைக்கும் கான்கிரீட்

மார்ச் மாதம் பனி உருகியதும் சிகாகோவின் குடியிருப்புத் தெருக்களில் நடந்துபோனால், நடைபாதையின் கான்கிரீட் ஓரக்கல் படும் பாடு தெரியும். எலி கொறித்த ரொட்டி போல விளிம்பு தேய்ந்திருக்கும். மேல்தோல் செதில் செதிலாக உரிந்து உள்ளே இருக்கிற ஜல்லி பல்லிளிக்கும். விரலால் நெருடினால் மணல் உதிரும். இரண்டடி தள்ளியிருக்கும் நடைபாதைக்குப் பெரும்பாலும் இவ்வளவு சேதம் இருக்காது.

காரணம், ஓரக்கல் நிற்கும் இடம். சாலையில் விழும் தண்ணீரெல்லாம் வடிந்து சேர்வது அதன் காலடியில்தான். பனி தள்ளும் வண்டிகள் உப்புக் கரைசலோடு பனிச்சேற்றை ஒதுக்குவதும் அங்கேதான். போதாக்குறைக்கு அந்த வண்டியின் தகடு அவ்வப்போது இடித்துவிட்டும் போகும்.

ஃப்ரீசரில் நிரம்பத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி பாட்டிலை வைத்துவிட்டு மறந்தவர்களுக்கு மீதிக் கதை பாதி தெரியும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. கான்கிரீட் பார்க்கத்தான் பாறை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அவை தண்ணீரால் நிரம்பியிருக்கும்போது உறைந்தால், பெருக்க இடமில்லாமல் விரிசல் விடும். குளிர் எவ்வளவு கடுமை என்பதைவிட, பூஜ்ஜியத்தை எத்தனை முறை தாண்டித் தாண்டி வருகிறது என்பதுதான் முக்கியம். பகலில் உருகி இரவில் உறையும் ஊர்தான் கான்கிரீட்டுக்கு எமன்.

அப்புறம் உப்பு. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அடர்த்தியான உப்புநீரைவிட, 3 சதவீதம் அளவுக்கு உப்புள்ள தண்ணீர்தான் மேற்பரப்பை அதிகம் உரிக்கிறது. கான்கிரீட்டின் மேல் ஒட்டிய பனிக்கட்டி, குளிர் கூடும்போது கான்கிரீட்டைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு சுருங்கும். சுத்தமான பனிக்கட்டி இந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். உப்பு அதிகமானால் கட்டி இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும். கொஞ்சமாக உப்பு கலந்தது மட்டும் இறுகவும் செய்யும், விரிசலும் விடும். விடும்போது அடியிலிருக்கும் கான்கிரீட்டையும் ஒரு செதில் பெயர்த்துக்கொண்டு வரும். கண்ணாடியில் வஜ்ரப் பசை பூசி, அது காய்ந்து சுருங்கும்போது கண்ணாடியையே செதில்களாகப் பெயர்த்து அலங்காரம் செய்யும் பழைய கைவேலையும் இதே கணக்குதான்.

மருந்து 1930களில் அமெரிக்காவில் தற்செயலாகக் கிடைத்தது. சில சாலைகள் மட்டும் பனிக்கு அசையாமல் நின்றன. விசாரித்தால், அவற்றுக்கான சிமெண்டை அரைக்கும்போது சேர்த்த விலங்குக் கொழுப்பு கலவையில் நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தது. உறையும் தண்ணீர் தள்ளும்போது ஒதுங்க ஒரு காலி அறை! இப்போது அதற்கென்றே ரசாயனம் கலக்கிறார்கள். கன அளவில் 5 முதல் 8 சதவீதம் காற்று. சிமெண்டுப் பசையின் எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் பக்கத்துக் குமிழிக்கு உள்ள தொலைவு சுமார் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. சும்மா கிடைப்பதில்லை: ஒவ்வொரு சதவீதக் காற்றுக்கும் வலிமை சுமார் 5 சதவீதம் குறையும்.

சிகாகோவில் 50 வார்டுகள். ஒவ்வொரு கவுன்சிலருக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். அதன் பெயரே 'மெனு'. சாலை, விளக்கு, ஓரக்கல் என்று எதற்குச் செலவிடலாம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம். பழுதான துண்டை அறுத்தெடுத்து, பலகை அடைத்து, புதுக் கலவை ஊற்றுவதுதான் வேலை. ஊற்றும் முன் இறுக மூடிய ஒரு சட்டியில் கலவையை அடைத்து அழுத்தம் கொடுத்து, உள்ளே எவ்வளவு காற்று என்று அளக்க வேண்டும். பாஸ்டன் போன்ற ஊர்களில் கிரானைட் ஓரக்கல் உண்டு. விலை அதிகம்தான், ஆனால் அது தண்ணீரே அவ்வளவாகக் குடிப்பதில்லை, சாலை போடும்போது பிடுங்கி மறுபடி நடலாம்.

எனக்குத் தெரிந்து, கான்கிரீட் ஓரக்கல்லின் ஆயுள் முடிவாவது கடைசி பத்து நிமிடத்தில். இறுகத் தொடங்கிய கலவை வழவழப்பாக வரட்டும் என்று கொத்தனார் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கரணையால் தேய்ப்பார். தெரு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே சில மில்லிமீட்டரில் இருந்த குமிழிகள் போயே போச்சு. உப்பு வந்து உட்காரப்போவதும் அந்தச் சில மில்லிமீட்டரில்தான். ஊற்றிய பிறகு உப்புப் படுவதற்கு முன் ஒரு மாதமாவது காய வேண்டும் என்பார்கள். ஆண்டு முடிவதற்குள் வேலையை முடித்துக் காட்ட நவம்பர் கடைசியில் ஊற்றினால், அந்த ஒரு மாதத்துக்கு எங்கே போவது?