மைனர் பங்குள்ள சொத்தும் கார்டியன் மனுவும்

குடும்பத் தலைவர் இறந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், கிள்ளியூர் என எந்தத் தாலுகாவானாலும் இ-சேவை மையத்தில் மனு கொடுத்து, விசாரணை முடிந்ததும் தாசில்தாரின் சான்றிதழ் வந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளைகளுக்காக அம்மா கையெழுத்துப் போட்டால் போதும்" என்று வீட்டையோ தோப்பையோ விற்றுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வாரிசுகள் யார் யார் என்பதைத்தான் அந்தச் சான்றிதழ் சொல்லும். 18 வயது நிரம்பாத பிள்ளையின் பங்கை விற்கும் அதிகாரத்தை அது யாருக்கும் கொடுப்பதில்லை.

பத்திரம் பதிவாகிவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது. பதிவு செய்வதால் இந்தக் குறை தீராது. இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை, 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 8ஆம் பிரிவின்படி, பெற்ற தந்தையோ தாயோகூட நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, பரிவர்த்தனை செய்யவோ கூடாது. மீறி விற்றால், பிள்ளை 18 வயதானபின் 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்யலாம். வாங்கியவருக்கு அதுவரை உறுதி இல்லை. வீட்டுக் கடனுக்கு வங்கி வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்க்கும்போது இந்த இடத்தில்தான் கோப்பு திரும்பி வரும். குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று இப்படிப்பட்ட நிலத்தை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான ஆலோசனை.

முதலில் பிள்ளைக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட வேண்டும். 24 சென்ட் நிலம் இறந்தவரின் சுயசம்பாத்தியம், அவர் உயில் எழுதவில்லை, மனைவியும் இரண்டு மைனர் பிள்ளைகளும் அவருடைய தாயும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்து என்றால் நான்கு பேருக்கும் சமபங்கு, ஆளுக்கு 6 சென்ட். பிள்ளைகளின் பங்கு மொத்தம் 12 சென்ட். அதே குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 சென்ட். மீதி 16 சென்டும் பிள்ளைகளுக்கு. இறந்தவரின் தாய்க்குப் பங்கு இல்லை. மனுவில் பாட்டியின் பங்கை விட்டுவிடுவதும், இல்லாத பங்கைப் பாட்டிக்கு எழுதுவதும் இங்கே அடிக்கடி நடக்கிற பிழைகள். இரண்டு சமயத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் மாவட்டம் இது. பக்கத்து வீட்டில் செய்ததைப் பார்த்து நாமும் செய்யலாம் என்பது இந்த விஷயத்தில் உதவாது.

என்ன மனு போடுவது என்பதும் அப்படித்தான். தந்தை இறந்த இந்துப் பிள்ளைக்குத் தாய்தான் இயற்கைக் காப்பாளர் (நீதிமன்றம் நியமிக்காமலேயே சட்டம் ஏற்கும் கார்டியன்). அவரைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. சொத்தை விற்க அனுமதி கேட்டால் போதும். அந்த மனுவைச் சொத்து இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். குடும்பம் சென்னையில் குடியிருந்தாலும், நிலம் தக்கலையில் என்றால் நாகர்கோவிலுக்குத்தான் வர வேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்தில் 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி தாயைச் சொத்துக் காப்பாளராக நியமிக்கவும், விற்க அனுமதி கொடுக்கவும் கேட்க வேண்டும். முஸ்லிம் சட்டத்தில் தந்தைக்குப் பின் சொத்துக் காப்பாளர், தந்தை உயிலில் நியமித்தவர். அவர் இல்லையென்றால் தந்தைவழித் தாத்தா. பிள்ளையைத் தாயே வளர்த்தாலும், நீதிமன்றம் நியமிக்காமல் அவர் மைனரின் நிலத்தை எழுதிக்கொடுத்தால் அந்தக் கிரயம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

மனுவே தேவைப்படாத இடங்களும் உண்டு. தாயும் தந்தையும் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார்கள், பிள்ளை பாட்டி வீட்டில் வளர்கிறது என்பதற்காகப் பாட்டியைக் கார்டியன் ஆக்க முடியாது. தாயோ தந்தையோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, பிள்ளையின் உடலுக்கு (சொத்துக்கு அல்ல, பிள்ளையை வளர்த்துப் பராமரிக்கும் பொறுப்புக்கு) வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க 1890 சட்டத்தின் 19ஆம் பிரிவு இடம் தராது. பள்ளிச் சேர்க்கை போன்றவற்றுக்குப் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் அதிகாரக் கடிதத்தை வைத்துப் பார்க்கலாம். தாய் இறந்தபின் தந்தை மறுமணம் செய்துகொண்டார் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மனு போடும் தாய்வழி உறவினர்களும் இதை யோசிக்க வேண்டும். மறுமணம் மட்டுமே தகுதிக் குறைவு ஆகாது. அடித்தார், பட்டினி போட்டார், பள்ளிக்கு அனுப்பவில்லை என்றால் அதற்கான ஆதாரம் வேண்டும்: மருத்துவச் சீட்டு, பள்ளியின் வருகைப் பதிவு, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது. விபத்து இழப்பீட்டு வழக்கில் மைனருக்காகத் தாய் 'அடுத்த நண்பர்' என்ற முறையில் வழக்கு நடத்தலாம். அதற்குத் தனியாகக் கார்டியன் ஆர்டர் வேண்டாம்.

பிள்ளையின் உடலுக்கான காப்பாளர் மனுவும் கஸ்டடி மனுவும் குடும்ப நல நீதிமன்றத்துக்கு உரியவை. சொத்துக்கான மனு மாவட்ட நீதிமன்றத்துக்கு. மேலே சொன்ன இந்துக் குடும்பத்தின் விற்பனை அனுமதி மனுவைத் தவிர மற்றவற்றை எந்த ஊரில் போடுவது என்பதைப் பிள்ளை வழக்கமாகக் குடியிருக்கும் இடம்தான் முடிவு செய்யும். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் குடியிருக்கும் பிள்ளையின் கஸ்டடிக்கு நாகர்கோவிலில் மனு போட்டால் திருப்பிவிடுவார்கள். 1890 சட்டத்தின்படியான சொத்து மனுவை மட்டும் சொத்து இருக்கும் மாவட்டத்திலும் போடலாம்.

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 1890 சட்டத்தின் 10ஆம் பிரிவு விரிவாகச் சொல்கிறது. பிள்ளையின் பெயர், பாலினம், மதம், பிறந்த தேதி, இருப்பிடம், இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது, நெருங்கிய உறவினர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், சொத்தின் விவரமும் மதிப்பும், இதற்கு முன் வேறு எங்காவது இப்படி மனு போட்டிருந்தால் அதன் முடிவு. கடைசியாகச் சொன்னதை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டினால் மனுதாரரின் மற்றப் பேச்சும் எடுபடாது. காப்பாளராக வர இருப்பவர், தமக்குச் சம்மதம் என்று கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றளித்த உறுதிமொழியும் உடன் வேண்டும். இது இல்லாமல் மனு திரும்பி வருவது சாதாரணம்.

ஆவணங்களில் பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம் ஆகியவை அடிப்படை. பெயரின் எழுத்துகளும் தலைப்பெழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் வேறொன்று, ஆதாரில் இன்னொன்று என்றால் விசாரணையில் பதில் சொல்ல வேண்டி வரும். 1956 நவம்பர் 1க்கு முன் இந்த மாவட்டம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது என்பதால் பழைய பத்திரங்கள் மலையாளத்திலும் கொல்லம் ஆண்டிலும் இருக்கும். அவற்றுக்கு மொழிபெயர்ப்பு இணைத்து, பழைய சர்வே எண்ணுக்கு நேரான ரீசர்வே எண்ணையும் எழுத வேண்டும். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் இறப்புச் சான்றிதழே முதல் தடை. 7 ஆண்டுகளாக அவரைப் பற்றித் தகவல் இல்லை என்றால்தான் பொதுச் சட்டப்படி இறந்ததாகக் கொள்ள முடியும். ஆகவே காணாமல் போன உடனே காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்திருப்பது அவசியம்.

மனு எண்ணிடப்பட்டதும் உறவினர்களுக்கு நோட்டீஸ் போகும். நீதிமன்றத்திலும் பிள்ளை குடியிருக்கும் வீட்டிலும் அறிவிப்பு ஒட்டப்படும். நாளிதழ் விளம்பரத்துக்கும் நீதிமன்றம் உத்தரவிடலாம். தவறான முகவரி கொடுத்தால் தாமதம் இங்கேதான் வரும். விசாரணையில் நீதிபதி கவனிப்பது பிள்ளையின் நலனை. விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார். சொல்லிக் கொடுத்து அழைத்து வரும் பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே திணறும். அதன் மனதுக்கும் அது பெரிய சுமை, தயவுசெய்து செய்யாதீர்கள்.

விற்பனை அனுமதி கேட்கும்போது, "குடும்பச் செலவுக்கு" என்ற ஒரே வரி போதாது. பிள்ளைக்குத் தேவை அல்லது தெளிவான நன்மை இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். கல்விக் கட்டணச் சீட்டு, மருத்துவ மதிப்பீடு, கடன் பாக்கி விவரம் ஆகியவற்றோடு, யாருக்கு, எத்தனை சென்ட், என்ன விலைக்கு என்பதும் வேண்டும். பத்திரச் செலவைக் குறைக்க விலையைக் குறைத்துக் காட்டுவது இங்கே பிள்ளைக்கே நேரடி நஷ்டம். பிள்ளையின் பங்குத் தொகையை 18 வயது வரை வங்கி வைப்பில் போடச் சொல்லி, வட்டியை மட்டும் எடுக்க அனுமதிப்பது வழக்கமான நிபந்தனை. கல்லூரிச் செலவுக்கு அசலில் கொஞ்சம் தேவைப்படும் என்றால் அதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காத பரிகாரம் உத்தரவில் வராது.

உத்தரவு வந்தபின் பொறுப்பு இன்னும் கூடும். நீதிமன்றம் கேட்டால் சொத்துக் காப்பாளர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தாக்கல் செய்ய வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும். தோப்பைப் பாட்டத்துக்கு விடுவதானால்கூட 5 ஆண்டுக்கு மேல், அல்லது பிள்ளைக்கு 18 ஆனபின் ஓராண்டைத் தாண்டி, அனுமதியின்றி விடக் கூடாது. உடலுக்கான காப்பாளராக நியமிக்கப்பட்டவர் நீதிமன்ற எல்லைக்கு வெளியே பிள்ளையைக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். வளைகுடாவிலோ திருவனந்தபுரத்திலோ வசிக்கும் சித்தி, மாமா போன்றோர் நியமனத்தின்போதே பொது அனுமதியையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

நீதிமன்றம் காப்பாளர் நியமித்த பிள்ளைக்கு 21 வயதில்தான் மேஜர் என்று பலர் நினைக்கிறார்கள். 1999இல் அது மாறிவிட்டது; இப்போது எல்லோருக்கும் 18தான். அன்றோடு காப்பாளரின் அதிகாரம் முடிகிறது. சொத்தையும் கணக்கையும் ஒப்படைத்து, எழுத்தில் ரசீது வாங்கி, பொறுப்பிலிருந்து விடுவித்து உத்தரவிடும்படி அதே நீதிமன்றத்தில் மனு கொடுத்துவிடுங்கள்.