பின்னால் வருவது முந்துவது எப்படி?

"கேயாஸ் என்றாலே கணிக்க முடியாதது என்கிறீர்கள். அப்புறம், இரண்டு கேயாஸ் அமைப்புகள் சேர்ந்து ஒரே மாதிரி ஆடும் என்றும் சொல்கிறீர்கள். எது சரி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் சரிதான். போதாக்குறைக்கு, ஒன்றைப் பார்த்து ஆடும் இன்னொன்று அதையே முந்திக்கொண்டும் ஆடலாம்.

அடிப்படையைச் சட்டென்று கடந்துவிடலாம். கேயாஸில் தற்செயலுக்கு இடமில்லை. அடுத்த நிலையைச் சமன்பாடே தீர்மானிக்கிறது. ஆனால் தொடக்கத்தில் இம்மியளவு பிழை இருந்தாலும் அது மளமளவென்று வளர்ந்து கணக்கைக் கவிழ்த்துவிடும். இப்படிப்பட்ட அமைப்புகளையும் இணைத்து ஒத்திசைய வைக்கலாம் என்று 1990இல் பெக்கோரா, கரோல் என்ற இரு இயற்பியலாளர்கள் காட்டினார்கள். 1997இல் ரோசன்புளூம், பிகோவ்ஸ்கி, கூர்த்ஸ் மூவரும் வேகத்தில் சற்றே வேறுபட்ட இரண்டு ரோஸ்லர் அலைவிகளை (சுற்றிச் சுற்றி கேயாஸாக ஆடும் எளிய கணித அமைப்புகள்) எடுத்து, இணைப்பைப் படிப்படியாக வலுவாக்கினார்கள். முதலில் சுற்றும் வேகம் மட்டும் ஒத்துப்போனது. வீச்சு, அதாவது ஆட்டம் எவ்வளவு பெரிது என்பது, அதனதன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கியது. இன்னும் இறுக்கியதும், ஒன்று வரைந்த வளைவை மற்றது சற்று நேரம் கழித்து ஏறக்குறைய அப்படியே வரைந்தது. மேலும் இறுக்க இறுக்க அந்தத் தாமதமும் குறைந்துகொண்டே போனது.

பிந்துவது சரி, முந்துவது எப்படி? 2000இல் ஹென்னிங் வோஸ் என்ற இயற்பியலாளர் சொன்ன வழி எனக்கு இன்றும் அலுக்கவில்லை. ஒரே சமன்பாட்டில் ஓடும் இரண்டு அலைவிகள். முதலாவது தன்பாட்டுக்கு ஓடுகிறது. இரண்டாவது அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் முதலாவதின் இப்போதைய நிலையோடு அது ஒப்பிடுவது தன் இப்போதைய நிலையை அல்ல, ஒரு விநாடிக்கு முன் தான் இருந்த நிலையை.

மணி ஓடுகிறது, பத்தாவது விநாடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது அலைவி, ஒன்பதாவது விநாடியில் தான் எங்கே இருந்தோம் என்று எடுத்துப் பார்க்கிறது. முதலாவது இப்போது நிற்பதும் அதே இடம் என்றால் வித்தியாசம் பூஜ்யம், திருத்தமும் பூஜ்யம். அதாவது முதலாவது பத்தில் தொட்ட இடத்தை இது ஒன்பதிலேயே தொட்டுவிட்டது! இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றே என்பதால், இது இப்போது இருக்கும் இடத்துக்கு முதலாவது பதினொன்றில் வந்து சேரும். இணைப்பு ஒழுங்காக அமைந்தால், வித்தியாசம் இருக்கும்போதெல்லாம் திருத்தம் அதைக் குறைத்துக்கொண்டே போய் இந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தும்.

உடனே, "எதிர்காலத்தை அறியலாம் என்று அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று ஜோதிடத்துக்கு முட்டுக்கொடுக்க யாராவது கிளம்புவார்கள். அவர்கள் முதலாவது அலைவியை வெளியிலிருந்து திடீரென்று ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கட்டும். இரண்டாவதுக்கு அது முன்கூட்டித் தெரியாது; தட்டு விழுந்த பிறகுதான் தடுமாறி, மெல்ல மீண்டும் முந்திக்கொள்ளும். முதலாவதின் இப்போதைய நிலையில் ஏற்கெனவே அடங்கியிருப்பதைத்தான் இது முன்னால் ஓடிக் காட்டுகிறது.

எவ்வளவு தூரம் முந்தலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பிழை வளர்ந்துகொண்டிருக்க, அதைத் திருத்தும் தகவலோ அந்த ஒரு விநாடி தாமதித்துத்தான் வருகிறது. தாமதத்தைக் கூட்டினால், திருத்தம் வந்து சேர்வதற்குள் பிழை கைமீறிப் போய்விடும். லேசர்களிலும் மின்சுற்றுகளிலும் இந்த முந்தலைச் சோதனையில் பார்த்தாயிற்று. பல அலைவிகளைச் சங்கிலியாகக் கோத்து, ஒவ்வொன்றும் முந்தையதைக் கொஞ்சம் முந்தும்படி செய்து இன்னும் தூரம் போகலாம்; ஆனால் சங்கிலி நீண்டால் சிறு சலனம்கூடக் கண்ணிக்குக் கண்ணி பெருகி, கடைசி அலைவியை நிலைகுலைய வைத்துவிடும்.