செலைனில் வந்த சதை

போன சித்திரையில் ஏற்காட்டுப் பக்கம் ஒரு ஊரிலிருந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் இருக்கும் எங்கள் லேபுக்கு ஒரு டப்பா வந்தது. எட்டு வாரத்தில் கலைந்த கருவின் சதை. ஸ்கேனில் முத்துப்பிள்ளைக் கர்ப்பமோ, அதாவது நஞ்சுக்கொடித் திசு தாறுமாறாக வளரும் கர்ப்பமோ என்று சந்தேகம். மூடியைத் திறந்ததுமே வாடை. சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினுக்குப் பதில் வெறும் உப்புநீரான செலைன் ஊற்றியிருந்தார்கள். எடுத்தது முந்தின நாள் மதியம்.

மாதம் ஏறிய முத்துப்பிள்ளை என்றால் திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்குமிழ்கள் கண்ணுக்கே தெரியும். எட்டு வாரத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் சாதாரணக் கருச்சிதைவிலிருந்து அதைப் பிரிப்பது கஷ்டம். அதற்குத்தான் பி57 என்ற புரதத்தை நிறமேற்றிக் காட்டும் ஸ்டெய்ன். அந்தப் புரதம் தாய் வழியாக வந்த மரபணுவிலிருந்துதான் உண்டாகும். முழு முத்துப்பிள்ளை என்ற வகையில் அநேகமாக எப்போதும் செல்லின் உட்கருவில் இருப்பது தந்தையின் பங்கு மட்டுமே. அதனால் பி57-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஸ்லைடில் விட்டு நிறமேற்றினால், சாதாரணக் கருவின் நஞ்சுக்கொடி இழைகளில் உட்கருக்கள் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும். முழு முத்துப்பிள்ளையில் அவை நீலமாகவே நிற்கும்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது பக்கத்தில் கிடக்கும் தாயின் கருப்பைச் சவ்வைத்தான். ஸ்டெய்ன் வேலை செய்திருந்தால் அது கட்டாயம் பழுப்பாக வேண்டும். இந்த ஸ்லைடில் அதுவும் நீலம். மறுபடி செய்தோம், அதே நீலம். புரதம் கெட்டுப்போயிருந்தது. 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று ரிப்போர்ட் எழுதியபோது கை ஓடவில்லை. முழு முத்துப்பிள்ளை என்றால் 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு மிச்சத் திசு மறுபடி வளரும். சீக்கிரம் பிடித்தால் மருந்திலேயே குணமாகிவிடும். எதுவென்று தெரியாததால் அந்தப் பெண் வாரா வாரம் கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனைக்கு மலையிறங்கி வந்தார். அடுத்த குழந்தைக்கு எப்போது முயலலாம் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நர்ஸ் அக்காமார்களே, சதையை எடுத்த கையோடு 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள், சதையைப் போலப் பத்து மடங்கு ஊற்றி. ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே ஊறும், ஆகவே வாய் அகன்ற டப்பாவாக இருக்கட்டும், திணிக்க வேண்டாம். மூன்று நாளுக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். குரோமோசோம் பரிசோதனைக்குப் போகும் துண்டை மட்டும் ஃபார்மலினில் போடாமல், அந்த லேபைக் கேட்டுத் தனியாக அனுப்புங்கள். கூட வந்திருக்கும் வீட்டுக்காரர்களும் "ஃபார்மலினில் போட்டாச்சா?" என்று தயங்காமல் கேட்கலாம். அப்புறம், சதை எடுத்த நேரத்தை டப்பா மேலேயே எழுதிவிடுங்கள்.