தொண்டிக் கடல் சூடானால் காரைக்குடிக்கு என்ன?

கடல் உயிரியல் படித்தவன் என்று தெரிந்ததும் காரைக்குடிப் பக்கம் கேட்பார்கள்: "நமக்கும் கடலுக்கும் என்ன சார் இருக்கு?" செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவரின் வழவழப்பில் கிளிஞ்சல் சுண்ணாம்பு இருக்கிறது. அடுப்பில் கொதிக்கும் நண்டு, தேவகோட்டைக்குக் கிழக்கே தொண்டிக் கரையில் ஏறியதாக இருக்கலாம்.

அங்கே இருப்பது பாக் விரிகுடா. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். ஆழமில்லாத கடல் சீக்கிரம் சூடேறும். பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. சித்திரை, வைகாசியில் காற்று விழுந்துவிட்டால் தொண்டியில் முழங்கால் தண்ணீரில் நின்றாலே அந்தச் சூடு தெரியும்.

பக்கத்து மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளப்பாறைகள் வெளுத்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நீடித்தால் போதும். பவளத்துக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும்.

கடற்புல்லைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. வற்றத்தின்போது, அதாவது கடல் உள்வாங்கும் நேரத்தில், ஒரு கொத்தை விலக்கிப் பாருங்கள். இலை முழுக்கப் பொடிப் பாசி, நடுவே கண்ணாடி போல இறால் குஞ்சு, அடியில் நகம் அளவே உள்ள நண்டுக் குஞ்சு. நம் குழம்புக்கு வரும் நீலக்கால் நண்டு வளர்வதே இங்கேதான். ஆவுளியா என்னும் கடல்பசுவுக்கும் இதுதான் தீனி. அதைக் காக்க 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள்.

வெயில் ஏற ஏற இந்தப் புல் தயாரிக்கும் உணவைவிடச் செலவழிப்பது கூடிவிடும். நுனி பழுப்பாகிக் கருகும். அப்புறம் பெருமழையில் சேறு வந்து வெளிச்சத்தை மறைக்கும். அதற்கும் மேல் கடலடியை வாரும் இழுவை மடி வலை வேரோடு வாரிக்கொண்டு போனால் எப்படித் துளிர்க்கும்? வேர் போனால் மணல் கலங்கும். காலங்காலமாக அதற்கடியில் படிந்த கரிமமும் வெளியேறும்.

வெப்பத்தை நம் ஊரிலிருந்து மட்டும் நிறுத்த முடியாது. ஆனால் ஏற்கெனவே தவிக்கும் கடல்மீது நாம் ஏற்றும் சுமையைக் குறைக்கலாம். சந்தையில் நண்டைத் திருப்பிப் பாருங்கள். வயிற்று மடிப்புக்கு வெளியே கொத்தாக முட்டை ஒட்டியிருந்தால் அது சினை நண்டு, வாங்காதீர்கள். முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். முதலில் மஞ்சளாக இருக்கும், பொரிக்கும் நேரத்தில் கருத்துவிடும். வலையில் உயிரோடு ஏறியதை அங்கேயே கடலில் விட்டுவிட்டால், கருத்த சினை சில நாளில் பொரித்துவிடும்.