கிரவுனுக்கு ‘90 ஆயில்’ என்று மட்டும் கேட்காதீர்கள்

பின் அச்சின் நடுவில் இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கரத் தொகுதியைத்தான் (டிஃபரன்ஷியல்) கிரவுன் என்கிறோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் “கிரவுனுக்கு 90 ஆயில்” என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். டப்பாவில் ஜிஎல்-4 என்றிருக்கிறதா, ஜிஎல்-5 என்றிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பவர் குறைவு. 90 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை மட்டுமே. பல்லோடு பல் அழுந்தும்போது தாங்குமா என்பதை ஜிஎல் எண்தான் சொல்லும்.

பின்சக்கரம் இழுக்கும் ஜீப், வேன், லோடு வண்டிகளில் கிரவுன் பினியன் பெரும்பாலும் ஹைப்பாய்டு வகை. பினியன் (கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) கிரவுன் சக்கரத்தின் மையத்தை விட்டு விலகி நிற்பதால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். ஆயில் படலம் அங்கே கிழியும்போது பல்லைக் காப்பது ஆயிலில் கலந்திருக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம். ஜிஎல்-5இல் அது அதிகம். ஜிஎல்-4 ஊற்றினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. நெல் மூட்டையோடு ஓட ஓட பல் முகம் பொரிந்து ஊளைச் சத்தம் கிளம்பும். (புது ஆயிலில் அடிக்கும் நாற்றம் கந்தகத்தால் வருவது, கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.)

அதற்காக எல்லா வண்டிக்கும் ஜிஎல்-5 ஊற்றக்கூடாது. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே ஆயில். ஜிஎல்-5இன் சேர்மானம், கியர் மாற உதவும் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கலாம், கியர் விழவும் முரண்டும். மேனுவலில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-4தான்.

டெல்டாவில் இன்னொரு வழக்கம்: டிராக்டருக்கு வாங்கிய 20 லிட்டர் பக்கெட்டில் மிச்சமிருப்பதை ஜீப் கிரவுனுக்கும் ஊற்றிவிடுவது. டிராக்டரின் ஹைட்ராலிக், ஆயில் பிரேக் எல்லாவற்றுக்குமான அந்த ஆயில் ஹைப்பாய்டு பல்லுக்குப் போதாது. ஊளைச் சத்தத்தை அமுக்க இன்னும் கெட்டியான 140 ஊற்றுவதும் வீண். சத்தம் குறையும், தேய்மானம் நிற்காது.

80டபிள்யூ-90இல் ‘டபிள்யூ’ குளிர்கால எண். மார்கழியிலும் பல் கிட்டாத தஞ்சாவூருக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் பின்னால் வரும் 90ஐ மாற்றாதீர்கள். லிமிடெட் ஸ்லிப் வகை (ஒரு சக்கரம் மட்டும் வீணாய்ச் சுழலாமல் தடுப்பது) டிஃபரன்ஷியலாக இருந்தால் அதற்கென்று குறிப்பிட்ட ஆயில் வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் அதிரும்.

உண்மையில் இங்கே கிரவுனைக் கொல்வது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் முட்டளவு நிற்கும். ஓடிச் சூடான ஹவுசிங் (கிரவுனை மூடியிருக்கும் கூடு) அந்தத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, பிரீதர் (காற்றுப் போக்குத் துளை) வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். பிரீதரில் சேறு அடைத்திருந்தால் சீலுக்குத்தான் பாரம். ஓடும்போது உள்ளழுத்தம் ஏறி அந்த சீலே ஆயிலைக் கசியவிடும். வேதாரண்யம் பக்கம் உவர்நீரில் இறங்கிய வண்டி என்றால் பேரிங் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. ஹவுசிங் அளவு முங்கிய வண்டியில் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறமென்றால் தண்ணீர் கலந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும்.

மாற்றும்போது பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்துங்கள். முதலில் ஆயில் ஊற்றும் மேல் பிளக்கைக் கழற்றுங்கள். கீழ்ப் பிளக்கைத் திறந்து ஆயிலைக் கொட்டிவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துக் கழல மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். நெருடும் சில்லு இருந்தால் ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டும். புது வாஷர் போட்டு, மேல் துளையின் கீழ் விளிம்பில் வழியும்வரை ஊற்றுங்கள் (துளை வேறு மட்டத்தில் என்றால் மேனுவல் சொல்லும் அளவு). அதற்கு மேல் திணித்தால் நுரைத்துச் சூடாகி சீல் வழியே வெளியேறும். பிரீதரை ஊதிச் சுத்தம் செய்யாமல் வேலையை முடிக்காதீர்கள். பழைய ஆயில் வாய்க்காலுக்குப் போகக்கூடாது, கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

500 கி.மீ. ஓடியபின் மேல் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். மறுபடி வெளுத்திருந்தால் பினியன் சீலையும் ஆக்ஸில் சீலையும் மாற்றாமல் அடுத்த டப்பா ஆயிலை வாங்காதீர்கள்.